உப்புக் காற்றும் அத்தையின் சமையலறையும்

கடற்கரைப் பக்கம் சொந்த வீடு உள்ள தோழிகளுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன். நாங்கள் குன்றத்தூரில் வாடகைக்கு இருக்கிறோம். மாமியார் வீடு சதுரங்கப்பட்டினத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கொல்லை வரை தண்ணீர் வந்துபோன வீடு.

முன்கட்டு மாமனாரின் அப்பா கட்டியது. செங்கல், சுண்ணாம்பு, நாட்டு ஓடு. சமையலறையும் அதை ஒட்டிய கூடமும் பிற்பாடு சேர்த்த கான்கிரீட். வேடிக்கையைக் கேளுங்கள், பழசு கல்லு மாதிரி நிற்க, புதுசுதான் உதிர்ந்தது! காரை பெயர்ந்து கம்பி பல்லிளித்தது. ஒருநாள் அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு கட்டி விழுந்தது.

"வித்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்" என்றார் கொழுந்தனார். அத்தை, "நான் போன பிறகு வித்துக்கோங்கடா" என்று எழுந்து போய்விட்டார். அவரைக் கூட்டி வந்து இரண்டு அறைக்குள் அடைத்து வைக்க எனக்கும் மனசில்லை. என் சீட்டுப் பணத்தை எடுத்து வேலையை ஆரம்பித்தோம்.

முதலில் வந்த மேஸ்திரி துருக் கம்பி மேலேயே சிமென்ட்டை அப்பி, வெள்ளையடித்து, பணத்தை வாங்கிக்கொண்டு போனார். ஐப்பசி மழைக்கு அதுவும் விழுந்தது. பிறகு இவருடைய நண்பரான இன்ஜினீயர் வந்து பார்த்துவிட்டு விவரம் சொன்னார். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்தால் ஊதிப் பருக்குமாம். அது காரையை உள்ளேயிருந்து பிளந்து தள்ளும். மேலே எத்தனை பூசினாலும் வீண். கடலோரத்தில் கம்பியை 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும், கலவை எம்30 ஆக இருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 விதி 2000-லேயே சொல்லிவிட்டதாம். எங்கள் தளத்தில் ஒரு விரற்கடை கூட இல்லை. சும்மா கிடைக்கிறதே என்று கடல் மணலைக் கலந்தால், உப்பை நாமே உள்ளே வைத்துக் கட்டின மாதிரி ஆகும்.

எங்கள் ஊர் டச்சுக்கோட்டைச் சுவரும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். துருப்பிடிக்க அதில் கம்பி ஏது?

அதனால் கூடத்துக்கு மட்டும் விதிப்படி புதுத் தளம் போட்டு, சமையலறைக்குப் பனஞ்சட்டம் வைத்து ஓடு வேய்ந்தோம். கடலோர விதிகள் 1991 முதல் இருக்கின்றன. இருக்கிற வீட்டைப் பழுது பார்ப்பது வேறு, பரப்பைக் கூட்டுவது வேறு என்பதால் முன்கூட்டியே பஞ்சாயத்தில் விசாரித்துக்கொண்டோம். கொல்லையில் ஒரு ரூம் இழுக்கலாம் என்ற கொழுந்தனாரின் ஆசை அதோடு போயிற்று.

அக்னி மூலையில் கிழக்கு பார்த்து அடுப்பு. நேர் எதிரே ஜன்னல். மத்தியானம் கடல்காற்று கிளம்பினால் கேஸ் அடுப்பு பொசுக்கென்று அணையும். இத்தனை வருஷம் அத்தை எப்படித்தான் சமைத்தாரோ! அடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கட்டும், ஜன்னலைத் தெற்குச் சுவருக்கு மாற்றுங்கள் என்றேன். எல்லோருக்கும் திருப்தி.

இரும்பு, பிளைவுட் எதுவும் வேண்டாமென்று அலமாரித் தட்டெல்லாம் கடப்பாக் கல்லில் போட்டோம். கீல், தாழ்ப்பாள், திருகாணி அத்தனையும் பித்தளை. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் வருஷா வருஷம் மாற்ற வேண்டியதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஸ்டீல் வாங்கப் போனால் கடைக்காரர் 304 என்று காட்டினார். உப்புக் காற்றுக்கு அதைவிட 316 நன்றாகத் தாங்குமாம். அதன் விலையைக் கேட்டதும் கருங்கல் தொட்டியே போதும் என்று வந்துவிட்டேன்.

கூடத்தில் பழைய ரெட் ஆக்சைடு தரையை அத்தை தொடவிடவில்லை. தேய்த்து மெழுகு போட்டதில் முகம் தெரிகிறது.

மர ஜன்னல் மட்டும் பாக்கி. வார்னிஷ் அடித்தால் ஒரு வருஷத்தில் உரிந்துவிடுகிறது. எண்ணெய் பூசினால் தாங்கும் என்கிறார் அத்தை. கடலோரத் தோழிகள் யாராவது பூசிப் பார்த்திருந்தால், என்ன எண்ணெய் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, குன்றத்தூர்.