மாடி வேண்டாமென்றா சொன்னார்கள்?

வெள்ளவத்தையில் வாழும் நம்மவர், தாம் குடியிருக்கும் ஊரின் பெயரிலேயே ஒரு 'வத்தை' இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. சிங்களத்தில் 'வெல்ல' என்றால் மணல். 'வத்த' என்றால் தோட்டம். அந்த மணற்றோட்டத்தில் இன்று தோட்டமும் இல்லை. மணலும் கடற்கரையோரத்திற் சிறிதே எஞ்சியுள்ளது. மாடிமேல் மாடியாக எழுந்த மனைகளில், பெரும்பணம் கொடுத்து வாங்கிய உரிமையோடு பலர் வசதியாக வாழ்கின்றோம். ஆனால், கொட்டாஞ்சேனையிலோ கொம்பனித்தெருவிலோ 'தோட்டம்' என்ற சொல்லைக் கேட்டால் நம் மனக்கண்முன் தோன்றுவது வேறு: ஒடுங்கிய முடுக்கு, பொதுக் குழாய், ஒன்றையொன்று முட்டி நிற்கும் கூரைகள். அத்தோட்டங்களை அகற்றி, அங்குள்ளோரை மாடிமனைகளிற் குடியேற்ற அரசாங்கம் முனைந்தபோது மக்களுட் பலர் எதிர்த்தனர். "சும்மா கிடைக்கும் வீட்டை வேண்டாமென்பார்களா? இதென்ன அறியாமை!" என்று நம்முட் பேசிக்கொண்டோர் உண்டு. யானும் அவ்வாறு எண்ணியவன்தான்; மறைப்பதற்கில்லை.

என் எண்ணத்தை மாற்றியவன் ஒரு மாணவன். கொட்டாஞ்சேனைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து படித்தவன். அவன் தாயார் விடியற்காலையில் வீட்டு வாசலில் இடியப்பம் அவித்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர்கள் மாடிமனைக்குப் போகவிருக்கும் செய்தி கேட்டு, "இனி மழை வெள்ளத்துக்குப் பயமில்லையே, தம்பி" என்றேன்.

"வெள்ளத்துக்குப் பயமில்லைத்தான், சேர். ஆனா அம்மாட இடியப்பத்த வாங்க எட்டாம் மாடிக்கு யார் சேர் ஏறி வருவாங்க?" என்றான்.

பொருளியற் பாடநூலில் நான் காணாத வினா அது. தோட்டத்து வாசல் வெறும் வாசலன்று. அதுவே கடை, அதுவே தையற்கூடம், அதுவே முச்சக்கர வண்டி நிறுத்துமிடம், கிழவர்கள் மாலையில் கதைபேசும் திண்ணையும் அதுவே. மாடியில் வாசலைத் திறந்தால் நீண்ட நடைவழியும் லிப்டுமே உள. அந்த லிப்டும் பழுதுபட்டு நின்றுவிட்டால் தண்ணீர்க் குடத்தோடும் நோயாளியோடும் படியேற வேண்டியதுதான்!

எனினும், வாசலை இழப்பது மாத்திரமே எதிர்ப்புக்குக் காரணமென்று கொள்ளலாகாது. ஆழமான காரணம் பழைய கடதாசிகளில் உள்ளது.

1973ஆம் ஆண்டில், பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்த காலத்தில், வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகையை அது மட்டுப்படுத்தியது. மிகுதி வீடுகளில் வாடகைக்கு இருந்தோர் அவற்றை வாங்கி உரிமையாளராகும் வழி திறந்தது. அதன்பின் 1984இல் ரணசிங்க பிரேமதாசாவின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியது. நகரத்து ஏழைக்கு 2 பேர்ச் நிலமும் சிறு கடனும் கிடைத்தால் அவனே தன் வீட்டைத் திருத்திக் கட்டிக்கொள்வான் என்பது அத்திட்டத்தின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. பலகைச் சுவர் கல்லாயிற்று. தகரம் 'சிலாப்' ஆயிற்று. மகளுக்குக் கலியாணமானதும் மேலே ஓர் அறை எழுந்தது. சீட்டுக் கட்டியும் நகையை அடகு வைத்தும் எழுப்பிய அறைகள் அவை. அரசாங்கம் கொடுத்த கடதாசியை நம்பியன்றோ எழுப்பினர்?

2001இல் வனாத்தமுல்லையருகே 671 வீடுகளோடு சஹஸ்புர என்னும் மாடித் தொகுதி எழுந்தபோது, குடிபெயரவிருந்தோரோடு முன்கூட்டியே பேச்சு நடத்தப்பட்டது. 2010இல் நிலைமை மாறிற்று. நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின்கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திற் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் இருபதளவான வீடுகள் படையினர் சூழ்ந்து நிற்க இடிக்கப்பட்டன. அங்குள்ளோர் நீதிமன்றத்தை நாடினர். கைவசம் ஆவணம் வைத்திருந்த குடும்பங்களும் 'அத்துமீறிக் குடியிருப்போர்' என்ற ஒரே பெயரில் அடங்கிவிட்டன.

சபையின் கணக்கின்படி 68,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இத்தகைய குடியிருப்புக்களில் வாழ்ந்தன. மாநகரின் சனத்தொகையில் ஏறக்குறையப் பாதி. ஆயின் அவர்கள் இருந்த நிலமோ மொத்தப் பரப்பில் 9 வீதந்தான்! அந்த 9 வீதத்தையும் மீட்டு முதலீட்டாளருக்குக் கொடுத்து, வரும் பணத்தில் மாடிமனை கட்டுவது திட்டம். முதலில் எழுந்தவை பெரும்பாலும் 400 சதுர அடி அளவினவே. இரண்டு மூன்று குடும்பங்கள் கூடியிருந்த வீட்டுக்கும் ஒரு மனையே கிடைத்ததாகக் குறைகூறப்பட்டது. சும்மா கிடைக்கும் வீடு என்றோமே, அதற்கும் பத்து இலட்சம் ரூபா வரையில் தவணை முறையிற் செலுத்தும்படி பலர் கேட்கப்பட்டனர். முன்பே சொந்த வீடு வைத்திருந்தவனும் இதற்கு விலக்கல்லன்.

"சிங்கப்பூரைப் பாருங்கள்" என்று நமது வீட்டுக் கூடங்களில் அடிக்கடி கேட்கிறோம். நன்றாகப் பார்க்கலாம். 1960இல் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபோது கம்பத்து மக்களும் எதிர்க்கவே செய்தனர். 1964 முதல் வீட்டைச் சொந்தமாக வாங்கும் வழியை அரசு காட்டியது. குடியிருப்புக்களின் நடுவே கடைகளும் அங்காடிகளும் அமைத்தது. மாடியின் உயரத்தை மாத்திரம் நாம் அளந்துகொண்டு வந்தோம் போலும்.

நிற்க. மாடிக்குச் சென்று மகிழ்ந்தோரும் உளர். தனிக் கழிப்பறையின் அருமை, வரிசையில் நின்று பழகிய பெண்களுக்கே தெரியும்.

அந்த மாணவனின் தாயார் ஒருநாள் கல்லூரிக்கு வந்திருந்தார். மகனின் பெறுபேறு பற்றிப் பேசியபின், பிளாஸ்ரிக் பை ஒன்றை மேசைமீது வைத்தார். உள்ளே, மடிப்புக்களில் கிழிந்த பழைய பற்றுச்சீட்டுக்கள். "இதக் காட்டினா யாரும் பாக்கிறாங்க இல்ல, சேர். நீங்களாவது வாசிச்சுச் சொல்லுங்க" என்றார். சிங்களத்தில் எழுதியிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தேன். எல்லாம் வீட்டுக்காகக் கட்டிய தவணைகள். முதற்சீட்டில் 1976 என்றிருந்தது. அதன்கீழ் அவருடைய தகப்பனாரின் பெயர்.