டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது?

எந்த ஊர்த் தெருவிலும் நின்று மாடிகளை அண்ணாந்து பாருங்கள். வீட்டு டிஷ் ஆண்டெனாக்கள் எல்லாம் கிழக்குக்கும் தெற்குக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு திசையில்தான் முகம் காட்டி நிற்கும். வேலை செய்கிற டிஷ் ஒன்றுகூட வடக்கைப் பார்த்து நிற்காது. "ஏன்?" என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். "கம்பெனி சென்னையில இருக்குல்ல சார்" என்றான் ஒருவன். "சென்னை நமக்கு வடக்கால இருக்கு, இது தெற்கால பாக்குது" என்று பக்கத்து வரிசையில் இருந்தவள் மடக்கினாள். பாடநூலைத் திறக்காமலே பாடம் தொடங்கிவிட்டது.

நான் மதுரை மாவட்டத்தில், மலையடிவாரத்தை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு கைப்பேசிதான். அதையும் அப்பா காலையில் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். இரவில் திரும்பி வந்தாலும் சிக்னல் வாசல் திண்ணையில்தான் கிடைக்கும்; டேட்டா அதற்குள் தீர்ந்திருக்கும். "வீடியோவை வீட்டில் பார்த்து வா" என்று இங்கே சொல்ல முடியாது. ஆனால் தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத வீடு அரிது. 2006-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி சில வீடுகளில் இன்னும் ஓடுகிறது. கேபிளுக்கு மாதாமாதம் பணம் கட்ட முடியாமல் நிறுத்தியவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளின் மாடியில், எப்போதோ வாங்கிக் கைவிட்ட தனியார் டிடிஹெச் டிஷ் ஒன்று துருவேறிக் கிடக்கும். அந்த டிஷ்ஷை நாமே திருப்பி வைத்து இலவசக் கல்வி அலைவரிசைகளைப் பிடிக்கலாம். அதைச் செய்யும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன். என் ஓய்வு நேரப் பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை இது.

தூர்தர்ஷனின் இலவச டிடிஹெச் சேவை 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் வந்தது. இன்றைய பெயர் டிடி ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் கிடையாது. இது கிழக்குத் தீர்க்கக்கோடு 93.5 டிகிரியில், நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. 2015 நவம்பரில் ஏவப்பட்ட கோள் இது. உயர்கல்விக்கான ஸ்வயம் பிரபா அலைவரிசைகளும் இதே கோளில்தான் வந்தன. வகுப்புக்கு ஒன்று என 12 அலைவரிசைகளோடு பி.எம். இ-வித்யா 2020-இல் தொடங்கியது. அவற்றை மாநில மொழிகளுக்கும் சேர்த்து 200 ஆக விரிப்பதாக 2022 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வருகிற எல்லாம் தமிழில் இராது, இந்தியும் ஆங்கிலமும் நிறைய இருக்கும். எது நம் பிள்ளைக்குப் பயன்படும் என்பதை ஆசிரியர் ஒரு வாரம் பார்த்துக் குறித்துக் கொடுத்தால்தான் இந்த உழைப்புக்குப் பொருள் உண்டு.

வீட்டில் டிஷ் அமைக்கும் பொழுதுபோக்குக்கும் பள்ளி ஒளிபரப்புக்கும் பழைய உறவு இருக்கிறது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாக நம் நாட்டில் 'சைட்' என்ற சோதனை நடந்தது. ஆந்திரம், கர்நாடகம், ஒடிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களின் ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்குக் காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியும் மாலையில் பெரியவர்களுக்கான நிகழ்ச்சியும் போயின. கோழிக்கூண்டுக் கம்பிவலையால் செய்த மூன்று மீட்டர் டிஷ்தான் ஊருக்கு ஊர் நின்றது. இந்த ஒளிபரப்பை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஸ்டீபன் பிர்கில் என்ற பொறியாளர் தம் வீட்டில் தாமே செய்த கருவியால் பிடித்துப் பார்த்தார். நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிய பாடம் கடல் கடந்து ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் இறங்கியிருக்கிறது! புவிநிலைத் துணைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பலாம் என்று 1945-இலேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க்குக்கும், கொழும்பில் அவர் வீட்டில் இதே ஒளிபரப்பைப் பார்க்க ஒரு டிஷ் அமைத்துக் கொடுக்கப்பட்டது.

இனி வேலைக்கு வருவோம். தேவையானவை ஐந்தாறுதான்: 60 சென்டிமீட்டர் அளவுள்ள டிஷ், அதன் முன்னால் கையில் நிற்கும் எல்.என்.பி., ஆர்.ஜி-6 கேபிள், அதன் இரு முனைக்கும் எஃப் கனெக்டர், ரிசீவர் பெட்டி, ஒரு ஸ்பேனர். பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 வகையா என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பெட்டியில் பல அலைவரிசைகள் வராது. பழைய தொலைக்காட்சி என்றால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏ.வி. துளைகள் பெட்டியில் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கட்டண அலைவரிசைகளைப் பூட்டுடைத்துக் காட்டும் பெட்டிகளும் சந்தையில் உண்டு. அவை சட்டத்துக்கு விரோதமானவை. ஆசிரியர் வீட்டில் அது வேண்டாம்.

எல்.என்.பி. செய்யும் வேலை பிள்ளைகளுக்குப் பிடித்த கழித்தல் கணக்கு. வானிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் 11,000 மெகாஹெர்ட்ஸுக்கும் மேல்; அதைச் சாதாரணக் கேபிளில் அனுப்பினால் சில மீட்டரிலேயே வலுவிழந்துவிடும். ஆகவே எல்.என்.பி. தனக்குள் 9,750 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றை உண்டாக்கி வருவதோடு கலக்கிறது. 11,090 என்று வந்தது 1,340 ஆக இறங்கிக் கேபிளில் போகிறது. எல்.என்.பி.க்கு வேண்டிய மின்சாரம் அதே கேபிள் வழியாகப் பெட்டியிலிருந்து மேலே ஏறுகிறது: செங்குத்து முனைவாக்க அலை வேண்டுமானால் 13 வோல்ட், கிடைமட்ட அலை வேண்டுமானால் 18 வோல்ட். கனெக்டரைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் பெட்டியின் மின்சுவிட்சை அணைத்துவிட வேண்டும். நடுக்கம்பி வெளிவலையைத் தொட்டால் பெட்டி பழுதாகும்.

எந்தப் பக்கம் திருப்புவது? கோள் தரையிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே கால அளவில் சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிகிறது. அது நிலநடுக்கோட்டின் மேல் இருக்கிறது. நாமோ அதற்கு வடக்கே, 8 முதல் 13.5 டிகிரிக்குள் இருக்கிறோம். ஆகவே அது நமக்குத் தெற்குப் பக்கம். நம் தீர்க்கக்கோடு 76-க்கும் 80-க்கும் இடையில் இருக்க, அதன் தீர்க்கக்கோடு 93.5. ஆகவே கிழக்குப் பக்கமும்கூட. ஒன்பதாம் வகுப்பின் கேள்விக்கு இதுதான் பதில்.

பத்தாம் வகுப்புக்கு இன்னும் ஒரு படி போகலாம். தீர்க்கக்கோட்டு வேறுபாட்டின் டேன் மதிப்பை, ஊரின் அட்சக்கோட்டின் சைன் மதிப்பால் வகுத்தால், தெற்கிலிருந்து கிழக்காக எத்தனை டிகிரி திரும்ப வேண்டும் என்பதன் டேன் கிடைக்கும். மதுரைக்கு அட்சம் 9.93, வேறுபாடு 15.38. வகுத்தால் 1.595, அட்டவணையில் பார்த்தால் 58 டிகிரி. அதாவது வடக்கிலிருந்து வலமாக 122 டிகிரி. ஏற்றக்கோணத்துக்கு இரண்டு கோணங்களின் காஸ் மதிப்புகளையும் பெருக்குங்கள், 0.950 வரும். அதிலிருந்து 0.151-ஐக் கழித்து, 0.950-இன் வர்க்கத்தை ஒன்றிலிருந்து கழித்ததன் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஏற்றக்கோணத்தின் டேன். விடை ஏறக்குறைய 68.6 டிகிரி. அந்த 0.151 என்பது பூமியின் ஆரத்தைக் கோளின் சுற்றுப்பாதை ஆரத்தால் வகுத்தது: 6,378 கீழ் 42,164.

இதையே சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். சென்னைக்குத் திசை 134, ஏற்றம் 68. கன்னியாகுமரிக்குத் திசை 116, ஏற்றம் 69. மாநிலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனாலும் ஏற்றம் ஒரு டிகிரிதான் மாறுகிறது, திசை 18 டிகிரி மாறுகிறது. ஏற்றத்தை ஒரு முறை சரியாக வைத்துவிட்டால் பிறகு பக்கவாட்டில் மட்டும் தேடினால் போதும் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்.

டிஷ்ஷை மாடியில்தான் வைக்க வேண்டும் என்பதும் இல்லை. பிள்ளைகளோடு செய்யும்போது கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியும் மின்கம்பியின் அருகாமையும் வேண்டவே வேண்டாம். 3 மீட்டர் உயரச் சுவர் தென்கிழக்கில் இருந்தால் டிஷ் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? 3-ஐ டேன் 68.6-ஆல் வகுத்தால் 1.2 மீட்டர்தான். கொஞ்சம் கூடுதலாகவே தள்ளி வைத்துவிடலாம். எங்கள் பள்ளி முற்றத்தில் வேப்பமரத்தை விட்டு விலகி ஒரு கம்பம் நட்டோம். கம்பம் நேராக நிற்க வேண்டும் என்பதுதான் முக்கியம். கொத்தனாரின் தூக்குக்குண்டையோ ரசமட்டத்தையோ இரு பக்கம் வைத்துப் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் பக்கவாட்டில் திருப்பும்போது ஏற்றமும் கூடவே மாறிப்போகும்.

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. 68 டிகிரி என்றால் டிஷ் ஏறக்குறைய வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்க வேண்டுமே, தெருவில் உள்ளவை அப்படி இல்லையே? வீட்டு டிஷ் என்பது பரவளையக் கிண்ணத்தின் நடுப்பகுதி அன்று, ஒரு பக்கமாக வெட்டிய துண்டு. அதனால் குவியம் கீழே தள்ளி அமைகிறது, எல்.என்.பி.யின் நிழல் டிஷ்ஷின் மேல் விழாது. இந்த வெட்டால் டிஷ் பார்ப்பதுபோல் தோன்றும் திசை, உண்மையில் பார்க்கும் திசையைவிடச் சுமார் 25 டிகிரி தாழ்ந்திருக்கும். ஆகவே டிஷ்ஷின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் தொடும்படி ஒரு நேரான கம்பை வைத்து, பாகைமானியில் நூலும் நட்டும் கட்டிய சாய்வுமானியால் அளந்தால், செங்குத்திலிருந்து 43, 44 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். கணித ஆய்வகத்தில் தூசி படிந்த சாய்வுமானிக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது.

பிறகு பெட்டியை இயக்கி, சிக்னல் திரையைத் திறந்துவைத்துக்கொண்டு, டிஷ்ஷை மெல்ல மெல்லத் திருப்புங்கள். திரையில் இரண்டு பட்டைகள் இருக்கும். 'ஸ்ட்ரெங்த்' என்பது கேபிளும் எல்.என்.பி.யும் உயிரோடு இருப்பதைத்தான் பெரும்பாலும் காட்டும்; சுவரைப் பார்த்து நின்றாலும் அது ஏறும். நாம் பார்க்க வேண்டியது 'குவாலிட்டி'. கடையில் கிடைக்கும் சிறிய சிக்னல் மீட்டரும் எந்தக் கோளைக் கண்டாலும் கத்தும். எது நம் கோள் என்று அதற்குத் தெரியாது. 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் 3 டிகிரிதான். கீழ்விளிம்பு நிலையாக இருக்க மேல்விளிம்பு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் ஒரு டிகிரி போய்விடும். அத்தனை தொலைவில் ஒரு டிகிரி என்பது 630 கிலோமீட்டர். ஆகவே ஒரு விரல்கடை திருப்பு, மூன்று நொடி பொறு, மறுபடி திருப்பு. பெட்டி சிக்னலைப் பிடிக்க அந்த நேரம் எடுத்துக்கொள்ளும். குவாலிட்டி வந்தபின் எல்.என்.பி.யையும் அதன் வளையத்துக்குள் சிறிது திருகிப் பாருங்கள், இன்னும் ஏறும். தானியங்கித் தேடலைக் கொடுத்தால் அலைவரிசைப் பட்டியல் வந்துவிடும்.

சூத்திரம், காம்பஸ் எதுவும் இல்லாமலே திசை காட்டுபவர் ஒருவர் இருக்கிறார். மார்ச் 15-ஐ ஒட்டிய சில நாள்களில் காலை 11.15 மணியளவிலும், செப்டம்பர் 27-ஐ ஒட்டிய நாள்களில் 11 மணிக்குச் சற்று முன்பும், சூரியன் நமக்கு இந்தக் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சில நிமிடங்கள் படம் கலங்கலாம், அறுந்தும் போகலாம். பழுது என்று பதற வேண்டாம். அந்த நேரத்தில் ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நட்டால் நிழல் வடமேற்கே ஏறக்குறைய 39 சென்டிமீட்டர் விழும். நிழலின் நுனியிலிருந்து கோலின் தலைக்கு ஒரு கயிறு கட்டினால், அந்தக் கயிறு காட்டும் இடத்தில்தான் ஜிசாட்-15 இருக்கிறது. மார்ச்சில் தேர்வு வேலை, செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை என்று இரண்டும் நமக்கு வசதியில்லாத நாள்கள்தாம். ஆனால் பிள்ளைகள் வீட்டிலேயே செய்து, நிழலை அளந்து எழுதி வரலாம்.

வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போதும் படம் உறையும். இந்த அதிர்வெண்ணில் மழைத்துளிகள் அலையை உறிஞ்சிச் சிதறடிக்கின்றன. மழை விட்டதும் தானாகத் திரும்பிவிடும். மழை விட்டபின்னும் வராவிட்டால் கனெக்டருக்குள் நீர் இறங்கியிருக்கலாம், அல்லது காற்றில் டிஷ் நகர்ந்திருக்கலாம். கனெக்டரின் மேல் ரப்பர் டேப் சுற்றி, எல்.என்.பி.யை ஒட்டிக் கேபிளில் ஒரு தொங்கல் விட்டுவைத்தால் நீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும். டிஷ்ஷைப் பொருத்தி முடித்த அன்றே, கம்பத்துக்கும் பிடிப்பானுக்கும் குறுக்கே நகச்சாயத்தால் ஒரு கோடு போட்டுவைப்பது என் வழக்கம். கோடு விலகியிருந்தால் டிஷ்தான் நகர்ந்திருக்கிறது; பழையபடி பொருத்தி போல்ட்டை இறுக்கினால் போதும். சென்ற ஆண்டு மழைக்குப் பிறகு மெக்கானிக் இரண்டு வாரமாக வராத ஒரு வீட்டில், எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் கோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் அப்பா திருப்பி இறுக்கிவிட்டார்.