மார்பகப் புற்றுநோய்: அறுவை அச்சம் தவிர்ப்போம்

நோயைக் காட்டிலும் அதற்கெனச் செய்யப்படும் அறுவையை அஞ்சி, மார்பகக் கட்டியை மறைத்து வைக்கும் தாய்மார்கள் நம் கிராமங்களில் உளர். ஆஸ்பத்திரிக்குச் சென்றால் மார்பையே எடுத்துவிடுவார்கள் என்பது அவர்கள் எண்ணம். இவ்வச்சம் எழுந்த காரணத்தையும் இன்றைய நிலையையும் ஈண்டுக் காண்போம்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகர மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894-ஆம் ஆண்டில் ஓர் அறுவை முறையை விளக்கி எழுதினார். மார்பகம், அதனடியிலுள்ள தசைகள், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் ஆகிய அனைத்தையும் ஒருசேர அகற்றுவதே அம்முறை. எவ்வளவு மிகுதியாக அகற்றுகிறோமோ அவ்வளவு நன்மை என்று கருதப்பட்டது. பல பத்தாண்டுகள் இதுவே வழக்கமாயிருந்தது. கை வீங்கியும் தோள் அசைவு குன்றியும் துன்புற்றோர் பலர்.

இத்துணைப் பெரிய அறுவை வேண்டுமா என்பதை இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்ட்டோ வெரோனேசி ஆராய்ந்தார். 1973 முதல் 1980 வரை, 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியுடைய 701 பெண்கள் இவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவினர்க்கு ஹால்ஸ்டெட் முறை கையாளப்பட்டது. மற்றொரு பிரிவினர்க்குக் கட்டியுள்ள பகுதியும் அக்குள் கணுக்களும் அகற்றப்பட்டு, எஞ்சிய மார்பகத்திற்குக் கதிர்வீச்சு அளிக்கப்பட்டது. அமெரிக்காவில் பெர்னார்டு பிஷரும் 1976-இல், மார்பகத்தை முழுதும் அகற்றுவதையும் கட்டியை மட்டும் அகற்றுவதையும் ஒப்பிடத் தொடங்கினார். இவ்விரு ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளியாயின. உயிர் பிழைத்திருப்பதில் பிரிவினரிடையே வேறுபாடு காணப்படவில்லை.

ஆயினும் கதிர்வீச்சு இன்றியமையாதது. பிஷர் ஆய்வில், கட்டியை மட்டும் அகற்றிக்கொண்டோருள் கதிர்வீச்சு பெறாத 100 பேரில் ஏறத்தாழ 39 பேருக்கு அதே மார்பகத்தில் நோய் மீண்டும் தோன்றிற்று. பெற்றோரில் 14 பேருக்கே தோன்றிற்று.

1990-களில் அக்குள் அறுவையும் சுருங்கிற்று. நோய் முதலில் சென்றடையும் ஓரிரு கணுக்களைச் சாயம் முதலியவற்றால் கண்டறிந்து சோதிக்கின்றனர். அவற்றில் நோயில்லையெனில் ஏனையவற்றை அகற்றுவதில்லை.

இச்சிறு அறுவை அனைவர்க்கும் ஏற்றதன்று. கட்டி மிகப் பெரிதாயிருப்பினும், கதிர்வீச்சுப் பெற இயலாதிருப்பினும் மார்பகத்தை முழுதும் அகற்ற நேரிடலாம். ஆகவே காலத்தாழ்வே மார்பகத்தைக் காக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. வலியில்லையென்று கட்டியை அலட்சியம் செய்தல் கூடாது. புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கட்டியோ, தோற் சுருக்கமோ, காம்பில் குருதிக் கசிவோ கண்டவுடன் ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுதல் வேண்டும். மகளிர் குழுக்கள் இச்செய்தியை வீடுதோறும் எடுத்துரைக்குமாயின், பல குடும்பங்கள் தாயை இழவாமற் காக்கப்படும்.