ஒரே மருந்து, இரண்டு லேப், இரண்டு அளவு: ஏன்?

இதயத் துடிப்பு சீராக இல்லாததால் டிகாக்சின் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. மருத்துவர் சில வேளைகளில், "இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்து வாருங்கள்" என்று எழுதித் தருவார். ஒரு லேபில் ஓர் எண் வரும். வேறு லேபில் வேறோர் எண் வரும். வீட்டில் கலக்கம் ஏற்படும். "மருந்து உடம்பில் ஏறிவிட்டது" என்று மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவோரும் உண்டு. அது ஆபத்தானது. எண்கள் ஏன் மாறுகின்றன என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் அளக்கிறார்கள்?

டிகாக்சினில், குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. இதயம் பலவீனமானவர்களுக்கு, ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை இருப்பது பொருத்தமாகக் கருதப்படுகிறது. 2 நானோகிராமைத் தாண்டினால் நச்சு அபாயம் கூடும். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குதான் நானோகிராம். இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. எனவே சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கு வழக்கமான மாத்திரையே அதிகமாகிவிடலாம்.

சாயலைக் கொண்டு அறியும் முறை

இவ்வளவு சிறிய அளவை அளக்க வழி செய்தது, ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் உருவாக்கிய கதிரியக்க நோயெதிர்ப்பு முறை. இதற்காக யாலோ 1977-ல் நோபல் பரிசு பெற்றார். 1969-ல் தாமஸ் ஸ்மித்தும் அவருடன் பணியாற்றியவர்களும் இம்முறையில் டிகாக்சினை அளந்து காட்டினார்கள்.

இன்று பெரும்பாலான லேப்கள் கதிரியக்கம் இல்லாமல், அதே அடிப்படையில் இயங்கும் 'இம்யூனோஅஸே' முறையைப் பயன்படுத்துகின்றன. டிகாக்சினைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை இரத்த மாதிரியில் கலந்து, எவ்வளவு பிடிபட்டது என்று இயந்திரம் கணக்கிடும். விரைவில் முடியும், செலவும் குறைவு.

இதன் குறை என்ன? ஆன்டிபாடி சாயலைப் பார்த்து ஆளை அடையாளம் சொல்வது போன்றது. ஒத்த சாயல் உள்ள வேறு பொருளையும் டிகாக்சின் என்று எண்ணிவிடும். பச்சிளங்குழந்தைகள், கர்ப்பிணிகள், சிறுநீரகம் அல்லது கல்லீரல் பழுதானவர்கள் ஆகியோரின் உடலிலேயே அத்தகைய பொருள் இருக்கலாம். நம் ஊர் அரளியின் நஞ்சும் இச்சோதனையில் டிகாக்சின் போலத் தோன்றும். ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சில கிட்களில் முடிவைக் கூட்டியோ குறைத்தோ காட்டியதுண்டு. ஒவ்வொரு நிறுவனத்தின் ஆன்டிபாடியும் வேறு என்பதால் எண்களும் வேறுபடுகின்றன.

பிரித்து அளக்கும் முறை

இரண்டாவது வகையில், குரோமட்டோகிராபி மூலம் இரத்தத்தில் உள்ள பொருள்களை முதலில் தனித்தனியே பிரிக்கிறார்கள். பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்னும் கருவி, ஒவ்வொரு மூலக்கூறையும் அதன் நிறையைக் கொண்டு இனம் காண்கிறது. இங்கே ஆள்மாறாட்டத்துக்கு இடம் மிகக் குறைவு.

அமியோடரோன் போன்ற மருந்துகளுக்கு இது பெரிதும் பயன்படுகிறது. அமியோடரோன் உடலில் டெஸ்எத்தில் அமியோடரோன் என்ற வேறு பொருளாக மாறி, அதுவும் இதயத்தில் வேலை செய்கிறது. பிரித்து அளந்தால் இரண்டின் அளவும் தனித்தனியே தெரியும். ஆனால் கருவியின் விலை அதிகம். தேர்ந்த பணியாளர் வேண்டும். முடிவு வரத் தாமதமாகலாம். அவசரத்துக்கு முதல் முறையும், சந்தேகம் தீர்க்க இரண்டாம் முறையும் என்று கொள்ளலாம்.

நாம் கவனிக்க வேண்டியவை

எவ்வளவு நல்ல கருவியானாலும், இரத்தம் எடுத்த நேரம் தவறினால் முடிவும் தவறும். டிகாக்சின் சாப்பிட்டுக் குறைந்தது 6 மணி நேரம் கழித்தே இரத்தம் கொடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால், மருந்து இரத்தத்திலிருந்து திசுக்களுக்குப் போய்ச் சேராத நிலையில் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். நோன்பு மாதத்தில் மாத்திரை நேரம் மாறியிருந்தால், கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தை லேபில் சொல்லிவிட வேண்டும்.

அலகையும் பார்க்க வேண்டும். ஒரு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பதைச் சில லேப்கள் ஒரு லிட்டருக்கு 1.28 நானோமோல் என்று எழுதும். எண் கூடியது போலத் தோன்றினாலும் அளவு ஒன்றுதான்.

தொடர்ந்து பார்ப்பவர்கள் ஒரே லேபில், ஒரே முறையில் பார்ப்பது நலம். சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால், டிகாக்சின் அளவு சரியாக இருக்கும்போதே நச்சு விளைவு வரலாம். ஆகவே பசியின்மை, வாந்தி, பார்வையில் மஞ்சள் நிறம், தலைச்சுற்றல், துடிப்பு மிகவும் குறைதல் ஆகியவை தெரிந்தால், ரிப்போர்ட்டில் எண் சரியாக இருக்கிறதே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். மாத்திரையை நிறுத்துவதா, குறைப்பதா என்பதை, எண்ணையும் ஆளையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.