அழுததா, அழவில்லையா?

வீட்டிலேயே பிரசவம். குழந்தை ஒரே ஒரு முறை முனகுகிறது. அரை மணி நேரத்தில் அடங்கிவிடுகிறது. மூன்று மாதம் கழித்துக் கணக்கெடுக்க வருபவரிடம் பாட்டி சொல்கிறாள்: "செத்துத்தான் பிறந்தது." அவரும் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிறார். சிசு மரணத்தில் ஒன்று குறைந்துவிட்டது. காகிதத்தில் அந்தக் கிராமம் சற்று ஆரோக்கியமாகிவிட்டது.

குழந்தை நல ஆய்வுகளைப் பீடித்திருக்கும் வியாதி இது. "பிறந்ததும் அழுததா? மூச்சு விட்டதா? கை கால் அசைந்ததா?" என்று மூன்று கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் போதும். ஆனால் துக்க வீட்டில் அதைக் கேட்கத் தனிப் பயிற்சி வேண்டும்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி 1986ல் தொடங்கிய 'சர்ச்' அமைப்பு இதைப் புரிந்துகொண்டது. பச்சிளம் குழந்தைகளை வீட்டிலேயே பராமரிக்கும் அதன் சோதனை நடந்தது 39 கிராமங்களில். ஒப்பிட்டுப் பார்க்க 47 கிராமங்கள். பச்சிளம் குழந்தை மரணம் மூன்றாம் ஆண்டில் சுமார் 62 சதவீதம் குறைந்ததாக 1999ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. நம்பலாமா? விடை மருந்தில் இல்லை, எண்ணிய விதத்தில் இருக்கிறது. கிராமத்துப் பணியாளர்கள் பிறப்பு இறப்புகளை உடனுக்குடன் பதிந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வீடு வீடாகத் தனிக் கணக்கெடுப்பும் நடந்தது. முக்கியமாக, இரு பகுதிகளிலும். சிகிச்சை கிடைத்த ஊரில் துருவித் துருவியும் மற்ற ஊரில் மேலோட்டமாகவும் எண்ணினால் நல்ல திட்டமே தோற்றதாகத் தெரியும். மாறி நடந்தால் உருப்படாத திட்டம் வெற்றி விழா கொண்டாடும்.

அங்கே என்னை அதிகம் கவர்ந்தது ஒரு மரச்சட்டம்தான். நிமோனியாவைக் கண்டுபிடிக்கக் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஐம்பது வரை எண்ணத் தெரியாத மருத்துவச்சி என்ன செய்வார்? ஒரு நிமிட மணற்கடிகாரமும் மணிகளும் கொடுத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணி நகரும். மணல் தீருமுன் சிவப்பு மணி நகர்ந்தால் நிமோனியா. பட்டதாரி எண்ணிக்கையைவிட இது மோசமில்லை.

இருமுறை எண்ணுவது அரசுக்கும் தெரிந்த வித்தைதான். 1969-70ல் முழு அளவில் தொடங்கிய மாதிரிப் பதிவு முறையில் ஒருவர் தொடர்ந்து பதிவார், மற்றொருவர் அரையாண்டுக்கொரு முறை தனியாகக் கணக்கெடுப்பார். ஒத்துப்போகாதவற்றை மீண்டும் களத்தில் சரிபார்ப்பார்கள். 1971ல் ஆயிரம் பிறப்புக்கு 129 ஆக இருந்த சிசு மரணம் 2020ல் 28 என்று நாம் நம்பிக்கையோடு சொல்ல முடிவது இதனால்தான்.

எடை, உயரத்தில் வேறு தொல்லை. எண்கள் எல்லாம் 0, 5 என்றே முடிந்தால் யாரோ குத்துமதிப்பாக எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து அளக்க வேண்டும். நிற்கவைத்தால் சுமார் 0.7 சென்டிமீட்டர் குறையும்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் எனக்கொரு குறை: கேள்வித்தாளைக் கடைசி நாளில்தான் நம்மிடம் தள்ளுகிறார்கள். "உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?" என்றால் எந்தத் தாயும் இறந்ததைச் சேர்க்கமாட்டாள். வீட்டில் இருப்பவை, வெளியே இருப்பவை, இறந்தவை என்று தனித்தனியே கேட்க வேண்டும்.

கட்சிரோலி வழிமுறை 2011ல் தேசியத் திட்டமாயிற்று. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் ஆறு முறை போய்ப் பார்க்க வேண்டும், வீட்டில் பிறந்தால் ஏழு முறை. அத்தனைக்கும் சேர்த்து ஊக்கத்தொகையாக அறிவித்தது 250 ரூபாய். போனதற்குச் சாட்சி, அவரே நிரப்பும் படிவம். குழந்தை இறந்தது என்று எழுதினால் மேலதிகாரியின் முதல் கேள்வி "நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்றிருந்தால், அடுத்த மரணம் எந்தக் கட்டத்தில் எழுதப்படும்?