பழவேற்காடு போகும் வெள்ளானூர் வாலிபர்களே, கடலில் மட்டும் இறங்காதீர்!

வெள்ளானூர் டீக்கடைகளில் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஒரே பேச்சுதான்: "டேய், நாளைக்கு எங்கேடா போகலாம்?"

மெரினா என்றால் கூட்டம். கோவளம், மாமல்லபுரம் என்றால் நகரத்தையே சுற்றிக்கொண்டு போகவேண்டும். அதனால் ஆவடி, வெள்ளானூர், மோரை பக்கத்து வாலிபர்களுக்கு கைக்கெட்டும் கடல் பழவேற்காடுதான். நாலு பைக், எட்டு பேர், பொட்டலத்தில் சாப்பாடு. கிளம்பிவிட வேண்டியதுதான்!

செங்குன்றம், காரனோடை, தச்சூர் கூட்டுரோடு, பொன்னேரி வழியாகப் போனால் சுமார் 50 கிலோமீட்டர். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்தபிறகு மீஞ்சூர் வழியும் சுலபமாகிவிட்டது. வண்டி இல்லாதவர்கள் ஆவடியில் மின்சார ரெயில் ஏறி சென்டிரல் வந்து, கும்மிடிப்பூண்டி ரெயிலுக்கு மாறி பொன்னேரியில் இறங்கலாம். அங்கிருந்து பஸ்.

எலும்புக்கூடு காவல்

போனால் பார்க்க நிறைய இருக்கிறது. சென்னைப் பட்டணம் உருவாவதற்கு முன்பே பழவேற்காடு பெரிய துறைமுகம். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். இந்தப் பக்கத்துத் துணியை வாங்கி, இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் கொடுத்து, வாசனைப் பொருள்களை அள்ளி வந்தார்கள். இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர்தான் மிச்சம். ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் அப்படியே இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன!

ஏரியும் லேசுப்பட்டது அல்ல. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். முட்டளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையாலேயே தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களையும் பார்க்கலாம். பாலத்தைத் தாண்டினால் கலங்கரை விளக்கம். அதற்கு அப்பால் ஆளரவம் இல்லாத கடற்கரை.

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

22 பேர் பலி

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்தது. பெண்கள், குழந்தைகள் உள்பட 22 பேர் பலியானார்கள். ஜாலியாகக் கிளம்பிய குடும்பங்களுக்கு பிணங்களாகத் திரும்பி வந்தார்கள். அதன்பிறகு சுற்றுலா வருகிறவர்களை படகில் ஏற்றக்கூடாது என்று தடை போடப்பட்டது. "ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம் சார்" என்று யார் கூப்பிட்டாலும் ஏறக்கூடாது. மிதவைச் சட்டை இல்லாத படகும், அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகும் எமனின் வாகனம்தான்.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் இன்னும் மோசம். மேலே பார்த்தால் குளம் மாதிரி இருக்கும். கடல் வற்றும் நேரத்தில் ஏரித் தண்ணீர் அத்தனையும் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்கு ஓடும். காலடி மணலையே அரித்துக்கொண்டு போகும். நல்ல நீச்சல்காரனும் தடுமாறிப் போவான்.

அமைதியான தண்ணீரை நம்பாதே!

கடற்கரையிலும் இதே கதைதான். அலைகள் கரைக்குக் கொண்டுவந்த தண்ணீர் திரும்பிப் போகவேண்டும் அல்லவா? அது ஏதாவது ஒரு பள்ளம் பார்த்து ஒரே இழுப்பாக உள்ளே போகும். அந்த இடத்தில் அலை உடையாது. தண்ணீர் கலங்கலாக, சாந்தமாகத் தெரியும். "இங்கே அலையே இல்லடா, வாங்க!" என்று நம் பையன்கள் இறங்குவது சரியாக அந்த இடத்தில்தான்!

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக்கூடாது. கை சோர்ந்து போகும். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டவேண்டும். முடிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகி, பிறகு கரைக்குத் திரும்பவேண்டும்.

இன்னொரு பரிதாபம். மூழ்குகிற ஒருவனைக் காப்பாற்ற அடுத்தடுத்துக் குதித்து இரண்டு பேர், மூன்று பேர் சாவதுதான் பல விபத்துகளின் கதை. நண்பன் தவித்தால் குதிக்காதீர்கள். கயிறு, மூடிய காலி பிளாஸ்டிக் கேன், வேட்டி, எது கிடைத்தாலும் வீசுங்கள். மீனவர்களைக் கூவி அழையுங்கள். கடலோரப் போலீசுக்கு 1093, கடலோரக் காவல் படைக்கு 1554, ஆம்புலன்சுக்கு 108.

மெரினாவில் ஆள் விழுந்தால் சத்தம் போட நூறு பேர் இருப்பார்கள். ஆளில்லாத கரையில் யார் இருக்கிறார்கள்? தனிமை வேண்டும் என்றுதானே அங்கே போகிறோம்! அதே தனிமைதான் உயிருக்கும் உலை வைக்கிறது.

ஆகவே, தாராளமாகப் போங்கள். கல்லறையைப் பாருங்கள், பறவையைப் பாருங்கள், இறாலும் நண்டும் வாங்குங்கள். கரையில் உட்கார்ந்து காற்று வாங்குங்கள். குடித்துவிட்டு வண்டியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இருட்டுவதற்குள் கிளம்புங்கள். வெள்ளானூரிலிருந்து எட்டு பேர் போனால், எட்டு பேரும் வெள்ளானூர் வந்து சேரவேண்டும்.