முற்றத்திற்கு எந்தக் கல் நல்லது?

வீட்டின் முன்னும் பின்னும் உள்ள சிறிய நிலத்தில் புல்லை எடுத்துவிட்டுக் கல் பதிக்கும் வழக்கம் நம் மலேசியத் தாமான்களில் பரவலாக இருக்கிறது. மாலையில் நாற்காலி போட்டு உட்காரலாம். தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு மேசை போடலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடைக்குள் நுழைந்ததும் பலர் பார்ப்பது நிறத்தையும் பளபளப்பையும்தான். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நனைந்தால் இந்தக் கல் வழுக்குமா?

நம் நாட்டின் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. நிழல் விழும் மூலைகளில் ஈரம் காயாமல் பாசி பிடிக்கும். வயதான ஒருவர் அதில் ஒருமுறை வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். அதிலிருந்து எழுந்து நடமாட மாதக்கணக்காகும்.

ஆகவே வரவேற்பறைக்குப் போடும் பளபளப்பான ஓடு வெளியே வேண்டாம். ஓடுகளின் வழுக்காத் தன்மையை ஆர்9 முதல் ஆர்13 வரை குறிப்பிடுவார்கள். எண் உயர உயரப் பிடிமானம் கூடும். மழை படும் தரைக்கு ஆர்11 அல்லது அதற்கு மேல் உள்ளதைக் கேளுங்கள்.

ஒன்றோடொன்று கோத்துப் பதிக்கும் சிமெண்டுக் கல் சொரசொரப்பானது. உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். நடப்பதற்கு 60 மில்லிமீட்டர் கனம் போதும். கார் ஏறும் இடத்திற்கு 80 மில்லிமீட்டர் நல்லது. கருங்கல் நீண்ட காலம் உழைக்கும். மெருகேற்றாத, நெருப்பில் காட்டிச் சொரசொரப்பாக்கியதை வாங்குங்கள். சுட்ட மண் ஓடு பார்க்க அழகு. ஆனால் நீரை உறிஞ்சுவதால் விரைவில் பாசி பிடிக்கும். கூழாங்கல் தரையில் பிடிமானம் உண்டு. இடுக்குகளில் அழுக்குச் சேரும் என்பதால் அடிக்கடி தேய்த்துக் கழுவ வேண்டும்.

எந்தக் கல்லாக இருந்தாலும், அடித்தளம் சரியில்லையென்றால் பணம் வீண். மண்ணை நன்றாக இறுக்கி, அதன்மேல் உடைகல் பரப்பி, மறுபடியும் இறுக்கிய பிறகே கல் பதிக்க வேண்டும். தரை வீட்டுச் சுவரிலிருந்து கால்வாய்ப் பக்கமாக, ஒரு மீட்டருக்கு 1 முதல் 1.5 சென்டிமீட்டர் வரை சரிவாக இருக்கட்டும். முற்றம் வீட்டுத் தரையைவிட 15 சென்டிமீட்டராவது தாழ்ந்திருப்பது நல்லது. இல்லாவிட்டால் சுவரில் ஈரம் ஏறும். தண்ணீர் தேங்கினால் இன்னோர் ஆபத்தும் உண்டு. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும்.

நிலம் முழுவதையும் மூடிவிடாதீர்கள். ஓரத்தில் மண்ணை விட்டுவைத்து ஒரு கறிவேப்பிலையோ மல்லிகையோ நடுங்கள். மழைநீர் கொஞ்சமாவது நிலத்தில் இறங்கும். ஒவ்வொரு வீடும் தன் நீரை முழுவதும் கால்வாயில் தள்ளினால், திடீர் வெள்ளம் நம் தெருவுக்குத்தான் வரும்.

இறுதியாக ஒரு யோசனை. ஆர் எண் காலணியோடு நடப்பதை வைத்துத் தரப்படுவது. நம் வீடுகளில் வெறுங்காலோடு நடப்பவர்கள் அதிகம். எனவே குத்தகையாளரிடம் பணம் கொடுக்கும் முன் இரண்டு மூன்று மாதிரிக் கற்களைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஊற்றி, வெறுங்காலாலும் சிலிப்பராலும் தேய்த்துப் பாருங்கள். வழுக்காத கற்களை ஒதுக்கி வைத்துக்கொண்டு, அவற்றில் பிடித்த நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.